மூச்சறையின் கொழுப்பும் களவெட்டியின் தூசும்: ஓர் அறிவின் சமூக வரலாறு

விஞ்ஞான வரலாறு எம்மிடையே பெரும்பாலும் மேதைகளின் சரித்திரமாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1859 இல் வெளிவந்த சைமன் காசிச்செட்டியின் ‘தமிழ் புளூராக்’ புலவர்களைத் தனித்தனியே நிறுத்திக் காட்டியதுபோல, கண்டுபிடிப்பாளரும் ஒருவர்பின் ஒருவராக நிறுத்தப்படுகின்றனர். புலவனைப் புரந்தவர் யார், அவன் பாடலைக் கேட்டவர் யார், கேட்க வாய்ப்பற்றிருந்தவர் யார் என்னும் வினாக்களை எழுப்பாது இலக்கிய வரலாறு எழுத இயலாது என்பது இன்று பெரிதும் ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது. ஆனால் அதே வினாக்களை விஞ்ஞானத்தை நோக்கித் தொடுக்க நாம் தயங்குகின்றோம்.

இத்தயக்கத்தைக் களைவதற்கான சிறு முயற்சியே இக்கட்டுரை. சுவாசப்பாதையின் உட்சுவரில் அமைந்த கலங்கள் கொழுப்பமிலங்களைக் கட்டுவதும் எரிப்பதும் பற்றிய அறிவு எவ்வாறு தோன்றியது, எவரது தேவைக்காகத் தோன்றியது, அதன் பயன் எவரைச் சென்றடைந்தது என்பவற்றை நாம் இங்கு நோக்குவோம். இவ்வினாக்களை நாம் நிந்தவூரிலிருந்து எழுப்புகின்றோம். கிழக்கே கடலும் மேற்கே வயலுமாக அமைந்த இவ்வூரில், மூச்சு என்பது உழைப்போடு நேரடியாகப் பிணைந்த ஒரு பொருள்.

1. களமும் காற்றும்

கல்முனைக்குத் தெற்கே, காரைதீவை அடுத்துள்ள நிந்தவூர், நெல்லாலும் மீனாலும் வாழும் ஊர். 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும், அதன்வழி உருவான சேனநாயக்க சமுத்திரமும் இப்பிரதேசத்தின் நெல் உற்பத்தியைப் பெருக்கின. உற்பத்தி பெருகியதேயன்றிப் போடியார், முல்லைக்காரர், கூலிக்காரர் என்ற பழைய உறவுமுறை உடனே மறைந்துவிடவில்லை. விளைச்சலின் பங்கு இம்மூவருக்கும் சமமாகக் கிடைக்கவில்லை. விளைச்சலின் தூசும் அவ்வாறே சமமாகப் பகிரப்படவில்லை.

வேளாண்மை வெட்டிச் சூடடிக்கும் காலத்தில் களவெட்டியில் எழும் தூசு வெறும் மண்ணன்று. வைக்கோலின் சுணையும் உமித்துகளும் பூஞ்சண வித்திகளும் அதிற் கலந்துள்ளன. சுளகெடுத்துப் பொலி தூற்றியவர்கள் அதனை நேராகவே உள்வாங்கினர். எருமைமாட்டுச் சூட்டடிப்புப் போய் உழவு இயந்திரம் வந்தது. அதன்பின் அறுவடை இயந்திரம் வந்தது. தூசு இவற்றால் அழிந்துவிடவில்லை. வயல்வெளியிற் பரந்து கிடந்த தூசின் ஒரு பகுதி அரிசி ஆலையின் நான்கு சுவர்களுக்குள் ஒடுங்கிற்று. அங்கு அதனைச் சுவாசிப்பவர் நாட்கூலிக்கு வேலைசெய்பவரே. வீட்டினுள்ளோ விறகும் தென்னம்மட்டையும் பொச்சும் எரியும் அடுப்பின்முன் பெண்கள் அமர்ந்திருந்தனர். எரிவாயு அடுப்பு ஓரளவு பரவிய பின்னரும், 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் எரிவாயு கிட்டாதுபோகவே, நாடெங்கும் பல குடும்பங்கள் மீண்டும் விறகடுப்பை நாடவேண்டி வந்தது.

தொய்வு, முட்டு, இழுப்பு என்ற சொற்கள் யாவும் இத்தகைய வாழ்நிலையினின்றே பொருள் பெறுகின்றன. மூச்சு முட்டும் ஒருவரின் சுவாசப்பையினுள் என்ன நிகழ்கின்றது என்பதே அடுத்து நாம் காண வேண்டியது.

2. கலத்தின் தொழில்

மனித சுவாசப்பைகளில் சுமார் 30 கோடி முதல் 50 கோடி வரையான காற்றுச் சிற்றறைகள் உண்டு. அவற்றை விரித்துவைத்தால் ஏறத்தாழ 70 சதுர மீற்றர் பரப்பாகும். இச்சிற்றறைகளின் உட்புறம் ஈரமானது. ஈரமான பரப்பு எப்போதும் சுருங்கவே முயலும். தண்ணீரில் எழும் குமிழி கணத்தில் உடைய, சவர்க்கார நுரை நிலைத்து நிற்பதை நாம் அறிவோம். சவர்க்காரம் நீரின் மேற்பரப்பிழுவிசையைக் குறைப்பதே இதற்குக் காரணம். சிற்றறைகளும் அவ்வாறான ஒரு பொருள் இல்லாவிடில், ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் மடிந்து ஒட்டிக்கொள்ளும்.

அப்பொருளை ஆக்குபவை இரண்டாம் வகை மேலணிக்கலங்கள் எனப்படுபவை. சிற்றறைப் பரப்பில் இவை மூடியிருப்பது ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கே. எனினும் முழுச் சுவாசப்பையின் விரிவும் இவற்றின் உழைப்பிலே தங்கியுள்ளது. இக்கலங்கள் குருதியிலிருந்து கொழுப்பமிலங்களை எடுத்துக்கொள்கின்றன, தாமாகவும் கட்டுகின்றன. இரண்டு இரண்டு காபன் அணுக்களாகச் சேர்த்துப் பதினாறு காபன்கொண்ட பாமிற்றிக் அமிலத்தை ஆக்குகின்றன. அத்தகைய இரண்டு சங்கிலிகளை ஒரு பொசுபோலிப்பிட்டின் வாலாகப் பொருத்தி, அடுக்கடுக்கான சிறு பொதிகளாகச் சேமித்து, வேண்டியபோது வெளிவிடுகின்றன. அது ஈரப்பரப்பின்மீது மெல்லிய படலமாகப் பரவுகின்றது. இப்படலத்தின் பெரும்பங்கு, அதாவது நூற்றுக்குத் தொண்ணூறு அளவு, கொழுப்புப் பொருளே, எஞ்சியது புரதம்.

மேலே, சுவாசப்பைக் குழாய்களில் அமைந்த கலங்களுக்கு வேறு தொழில். அவற்றின் பிசிர்கள் ஓயாது அசைந்து, தூசு ஒட்டிய சீதத்தைத் தொண்டையை நோக்கித் தள்ளுகின்றன. அவ்வசைவுக்குரிய சக்தியைத் தரும் இழைமணிகளில் எரிக்கப்படும் எரிபொருள்களுள் கொழுப்பமிலமும் ஒன்று. ஆகவே ஒரே பொருள், ஓரிடத்தில் கட்டடப் பொருளாகவும் பிறிதோரிடத்தில் விறகாகவும் பயன்படுகின்றது. கட்டுதலும் எரித்தலும் தம்முட் சமன்பட்டிருக்கும்வரை மூச்சு நினைவுக்கே வருவதில்லை. அச்சமநிலை குலையும்போதே மூச்சு ஒரு வேலையாகின்றது.

3. அறிவு பிறந்த இடங்கள்

கொழுப்பமிலம் இரண்டு காபன் அலகுகளாகச் சிதைகின்றது என்பதை 1904 இல் ஜேர்மனியைச் சேர்ந்த பிரான்ஸ் நூப் நாய்களில் நடத்திய பரிசோதனைகளால் உணர்த்தினார். அது எவ்வாறு கட்டப்படுகின்றது என்ற வினா அதன்பின் அரைநூற்றாண்டு காத்திருந்தது. இவ்வினாவுக்கு விடை கண்டவர்களுள் ஸாலிஹ் வகீல் குறிப்பிடத்தக்கவர். 1927 இல் ஈராக்கின் கர்பலாவில் பிறந்து, பெய்ரூத்தில் கற்று, அமெரிக்கா சென்ற இவர், கட்டுமானப் பாதை சிதைவுப் பாதையின் வெறும் மறுதலையன்று, அது வேறொரு பாதை என்பதை 1950களின் இறுதியில் நிறுவியவர்களுள் முன்னணியில் நின்றார். கொழுப்பமில, கொலஸ்ரெறோல் ஆய்வுகளுக்காக 1964 இல் நோபல் பரிசு பெற்ற இருவருள் கொன்றாட் புளொக் நாற்சிகள் ஆட்சிக்கு வந்தபின் ஜேர்மனியை விட்டு நீங்கியவர். கர்பலாவில் பிறந்தவரும் ஜேர்மனியை விட்டு நீங்கியவரும் அமெரிக்க ஆய்வுகூடங்களிலேயே தம் வாழ்நாட் பணியைச் செய்ய நேர்ந்தது தற்செயலன்று. மூலதனமும் ஆய்வுகூடமும் எங்கு குவிந்தனவோ அங்கேயே மூளையும் குவிந்தது.

சுவாசப்பையின் படலம் பற்றிய வரலாறு இதனினும் தெளிவானது. 1929 இல் கேட் பொன் நேகாட், விலங்கின் சுவாசப்பையைக் காற்றால் விரிப்பதிலும் திரவத்தால் விரிப்பதற்குக் குறைந்த அமுக்கமே போதும் எனக் கண்டு, மேற்பரப்பிழுவிசையின் பங்கைச் சுட்டிக்காட்டினார். அவர் கூற்றை எவரும் பொருட்படுத்தவில்லை. கால்நூற்றாண்டு கழிந்தபின் அவ்வினாவை மீண்டும் எடுத்தவர்கள் எங்கிருந்தனர் என்பது மனங்கொள்ளத்தக்கது. 1955 இல் சுவாசப்பை நுரையின் குமிழிகள் உடையாது நிற்பதைக் கண்டு விளக்கிய றிச்சாட் பற்றில், பிரித்தானியாவின் போட்டன் இரசாயனப் பாதுகாப்பு ஆய்வு நிலையத்தில் இருந்தார். 1957 இல் அப்படலத்தின் இழுவிசையை அளந்து காட்டிய ஜோன் கிளமென்ற்ஸ், அமெரிக்க இராணுவத்தின் எட்ஜ்வுட் இரசாயன நிலையத்தில் இருந்தார். மனிதரை மூச்சடைத்துக் கொல்லும் வாயுக்களைப் பற்றி ஆராய்ந்த நிலையங்களிலேயே மூச்சைக் காக்கும் கொழுப்பு இனங்காணப்பட்டது.

இதனைக்கொண்டு அவ்விஞ்ஞானிகளைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. அவர்களது நேர்மையும் நுண்ணறிவும் ஐயத்துக்கு அப்பாற்பட்டவை. ஆனால் நேகாட்டின் உண்மையைக் கால்நூற்றாண்டு காக்கவைத்த சமூகம், போர்த்தேவை எழுந்தபோது அதே வினாவுக்குப் பணத்தையும் கருவிகளையும் ஒதுக்கியது. எந்த உண்மை எப்போது வெளிப்படும் என்பதை உண்மை மட்டும் தீர்மானிப்பதில்லை.

4. இளவரசரின் மூச்சும் ஏழையின் மூச்சும்

பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் கெய்ரோவில் வாழ்ந்த யூத மருத்துவர் மைமோனிடிஸ், தொய்வு நோய் பற்றி அரபு மொழியில் ஒரு நூல் எழுதினார். உணவு, உறக்கம், தூய காற்று என்பவற்றைப் பற்றி இன்றும் வியக்கத்தக்க தெளிவுடன் பேசும் அந்நூல், அரச குலத்து நோயாளர் ஒருவருக்காக எழுதப்பட்டது. நைல் கரையில் கோதுமை தூற்றியவனின் தொய்வுக்கு நூல் எழுதுமாறு எவரும் கேட்டிருக்கமாட்டார்.

இருபதாம் நூற்றாண்டிலும் இந்நிலை பெரிதும் மாறவில்லை. 1959 இல் மேரி எலன் ஏவரியும் ஜெரே மீட்டும், காலத்துக்கு முந்திப் பிறந்து மூச்சுத்திணறி இறக்கும் குழந்தைகளின் சுவாசப்பைகளில் இக்கொழுப்புப் படலம் போதாமையை நிறுவினர். கருவின் இரண்டாம் வகைக் கலங்கள் கருக்காலத்தின் பிற்பகுதியிலேயே முதிர்ச்சியடைகின்றன. அதற்குமுன் பிறந்த குழந்தை ஒவ்வொரு மூச்சுக்கும் முதல் மூச்சுக்குரிய பாடுபட வேண்டியுள்ளது. எண்ணற்ற தாய்மார் கண்ட இச்சாவு, 1963 ஓகஸ்ற் மாதத்தில் அமெரிக்க ஜனாதிபதி கெனடியின் மகன் பிறந்த இரண்டாம் நாளில் இறந்தபோதே உலகச் செய்தியாயிற்று. அதன்பின் இத்துறையின்மீது கவனம் திரும்பியது. 1980 இல் யப்பானில் பூஜிவாராவும் அவரது குழுவினரும், மாட்டின் சுவாசப்பையிலிருந்து பெற்ற பொருளைப் பத்துக் குழந்தைகளின் சுவாசக் குழாயினுள் செலுத்தி வெற்றிகண்டனர். இன்று அம்மருந்து உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது. ஆனால் பட்டியலில் இருப்பது வேறு, குறைமாதக் குழந்தையின் கட்டிலருகே இருப்பது வேறு. அதன் விலையும், அதனைச் செலுத்தத் தேவையான பயிற்சியும் வசதியும் வறிய நாடுகளில் இன்னும் தடையாகவே உள்ளன.

எமது மண்ணோடு நேரடியாகத் தொடர்புடைய ஓர் உதாரணமும் உண்டு. இருமலுக்கும் சளிக்கும் பரியாரிமார் தலைமுறை தலைமுறையாக வழங்கிவந்த ஆடாதோடையை நாம் எல்லோரும் அறிவோம். அதன் இலையிலுள்ள வாசிசின் என்னும் காரப்போலியை 1888 இல் பிரித்தெடுத்தவர், உதகமண்டலத்தில் சென்னை அரசின் சிங்கோனா இரசாயனவியலாளராகப் பணிபுரிந்த டேவிட் ஹூப்பர். மலேரியாவுக்கான குயினைனைக் குடியேற்ற ஆட்சிக்கு ஆக்கிக் கொடுப்பதே அவரது முதற்கடமை. வாசிசினை அடியொற்றி ஜேர்மன் மருந்துத் தொழில் புறோம்ஹெக்சினை ஆக்கியது. 1960களில் அது விற்பனைக்கு வந்தது. உடலினுள் அது மாறி உருவாகும் அம்புரொக்சோல் பின்னர் தனி மருந்தாயிற்று. இரண்டாம் வகைக் கலங்களைத் தூண்டி, நாம் மேலே கூறிய கொழுப்புப் படலத்தின் சுரப்பை அது கூட்டுவதாக ஆய்வுகள் காட்டின. வேலியோரத்துச் செடி உதகமண்டலம் வழியாகவும் ஜேர்மனி வழியாகவும் சென்று, சாயம் பூசிய போத்தலில் எமது மருந்துக் கடைக்கே திரும்பி வந்தது. மூலப்பொருள் செல்வதும் முடிபொருள் வருவதுமாகிய குடியேற்றப் பொருளாதாரத்தின் இயல்பு, தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் உரியதன்று.

எனினும் இதனைக்கொண்டு பழமையெல்லாம் பொன் என்று கூறுவோமாயின், அது வரலாற்றுக்குத் துரோகமாகும். குழந்தையின் மூக்கிலும் தொண்டையிலும் எண்ணெய் விடும் வழக்கம் தென்னிந்தியாவில் நிலவிவந்தது. அதனால் குழந்தைகளின் சுவாசப்பையில் எண்ணெய் தேங்கி ஏற்படும் அழற்சி பற்றி 1973 இல் ‘பிரித்தானிய மருத்துவ சஞ்சிகை’யில் ஒரு கட்டுரை வெளிவந்தது. கலம் தானே கட்டும் கொழுப்பு மூச்சைக் காக்கின்றது. வெளியிலிருந்து புகும் எண்ணெயோ அதனை அடைக்கின்றது. ஆடாதோடையைப் பேணியதும் மூக்கில் எண்ணெய் விட்டதும் ஒரே மரபே. மரபினுள் பயன்தருவதையும் கேடுசெய்வதையும் பிரித்தறியும் கருவி விஞ்ஞானமேயன்றி, மரபின் பழமையன்று.

5. தொய்வும் தூசும்

கொழுப்பமிலங்கள் யாவும் ஒரே தொழிலைச் செய்வனவல்ல. கல மென்றகட்டில் அடங்கியிருக்கும் இருபது காபன்கொண்ட அரக்கிடோனிக் அமிலம், கலம் தாக்கப்படும்போது விடுபட்டு, செய்தி காவும் பொருள்களாக மாறுகின்றது. 1940 இல் மெல்பேணில் கெலவேயும் டிறெதிவீயும், தசையை மெதுவாகவும் நெடுநேரமும் சுருங்கச்செய்யும் ஒரு பொருளைக் கண்டனர். அதன் அமைப்பு நாற்பது ஆண்டுகள் வரை தெரியாதிருந்தது. 1979 இல் ஸ்ரொக்ஹோமில் சமுவெல்சனும் அவரது குழுவினரும் அது அரக்கிடோனிக் அமிலத்தின் வழிவந்த லியூக்கோற்றையீன் என நிறுவினர். இத்துறைக்கே 1982 இல் பேக்ஸ்ற்றம், சமுவெல்சன், வேன் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதே அமிலத்தைச் சுவாசப்பாதையின் மேலணிக்கலங்கள் புரொஸ்ரகிளாண்டின் ஈ2 ஆக மாற்றி, சுருங்கும் தசையைத் தளர்த்தவும் உதவுகின்றன. சுருக்குவதும் தளர்த்துவதும் ஒரே மூலத்தினின்று பிறக்கின்றன. முரண்களின் இயக்கம் என்று நாம் சமூகத்திற் காண்பது, மூச்சுக்குழாயின் சுவரிலும் நிகழ்கின்றது.

தூசும் புகையும் இம்முரணைத் தீமையின் பக்கம் சாய்க்கின்றன. மலேசியாவில் அரிசி ஆலைத் தொழிலாளரிடையே கண், தோல், சுவாச உபாதைகள் ஒருங்கே காணப்பட்டமையை 1984 இல் வெளிவந்த ஆய்வொன்று ‘அரிசி ஆலையாளர் நோய்த்தொகுதி’ எனப் பெயரிட்டு விவரித்தது. நிந்தவூரின் ஆலைத் தொழிலாளர் சுவாசிப்பதும் அதே உமித்தூசே. நெல்லின் நிறையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு உமி. உமியை எரித்த சாம்பலில் பெரும்பங்கு சிலிக்கா; மிகுந்த வெப்பத்தில் அது பளிங்குருவம் பெறும். பளிங்குருச் சிலிக்காத் துகளைப் பெருமளவில் சுவாசித்தால், இரண்டாம் வகைக் கலங்கள் பெருகி, கொழுப்பும் புரதமும் கலந்த பொருள் சிற்றறைகளை நிரப்பிவிடுவதுண்டு. காக்க வந்த கொழுப்பே மூழ்கடிக்கும் வெள்ளமாகின்றது. புகையைப் பொறுத்தவரை, கொழுப்பமிலத்தைக் கட்டும் நொதியத்தை இரண்டாம் வகைக் கலங்களிலிருந்து நீக்கிய எலிகள் சிகரெட் புகையினால் கூடுதலான சேதமடைந்தமையை 2023 இல் வெளியான ஆய்வு காட்டியது. புகை வெளியிலிருந்து தாக்கும்போது, கலம் தனக்குரிய கொழுப்பைக் கட்டும் ஆற்றலே அதன் அரணாக உள்ளது.

வீட்டு அடுப்புப் புகையினாலும் அதுபோன்ற உள்ளகக் காற்று மாசினாலும் 2020 இல் உலகெங்கும் 32 இலட்சம் பேர் இறந்தனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. இவ்விறப்புகள் விதியாலோ பரம்பரையாலோ மட்டும் நிகழ்வனவல்ல. அடுப்பின் வகையும் கூலியின் அளவும் ஆலையின் சாளரமும் அவற்றைத் தீர்மானிக்கின்றன. கலத்தினுள் நிகழும் இரசாயன மாற்றத்துக்கும் களத்தினுள் நிலவும் உற்பத்தி உறவுக்கும் இடையே உள்ள தூரம் நாம் எண்ணுவதிலும் குறைவானது.

6. அறிவை மக்களுடையதாக்கல்

இத்தூரத்தைக் கடக்க இரண்டு முயற்சிகள் எம் நாட்டில் முன்னரே நிகழ்ந்துள்ளன. முதலாவது மொழி பற்றியது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனறி மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடலியலையும் இரசாயனவியலையும் தமிழாக்குவித்தார். அவரது ‘கெமிஸ்தம்’ 1875 இல் வெளிவந்தது. மதமாற்ற நோக்கம் அம்முயற்சியின் பின்னால் இருந்தது உண்மையே. ஆயினும் நவீன மருத்துவம் தமிழில் இயலும் என்பதை அது செயலிற் காட்டியது. இலங்கைப் பாடநூல்கள் பின்னர் வழங்கிய கலம், மேலணி, பிசிர், இழைமணி, நொதியம் என்னும் சொற்களெல்லாம் அக்கருத்தின் தொடர்ச்சியே. இச்சொற்கள் உயர்தரப் பரீட்சையோடு நின்றுவிடுகின்றன என்பதே எமது குறை.

இரண்டாவது மருந்து பற்றியது. மார்க்சியரும் மருந்தியற் பேராசிரியருமான சேனக்க பிபிலெ, 1971 இல் அமைந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராக, வணிகப் பெயரின் விலையை மக்கள் சுமக்கக்கூடாது என்ற கொள்கையை நடைமுறைப்படுத்த முயன்றார். பன்னாட்டு நிறுவனங்களின் எதிர்ப்பு அவருக்குக் குறையாமற் கிடைத்தது. 1977 இல் அவர் இறந்தார். அக்கொள்கையின் ஒரு பகுதி சட்ட வடிவம் பெற 2015 வரை, தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் வரை, காத்திருக்க நேர்ந்தது. 2022 இன் நெருக்கடியில் மருந்துகளுக்கு ஏற்பட்ட தட்டுப்பாடு, பிபிலெ எழுப்பிய வினா இன்னும் முடிந்துவிடவில்லை என்பதை உணர்த்தியது.

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கம் ஒன்றின் ஆய்விதழில் கொழுப்பமிலம் பற்றி எழுதுவது பொருந்துமா எனச் சிலர் வினவக்கூடும். மக்கள் மூச்சுவிடுவதைத் தமிழாய்வின் எல்லைக்கு வெளியே நிறுத்துவோமாயின், அவ்வெல்லையை வகுத்தவர் யார் என்பதே நாம் திருப்பிக் கேட்கவேண்டிய வினா. களவெட்டிக்கென்றே தனிச்சொற்களைப் பேணி வழங்கியவர் கிழக்கிலங்கை உழவர். பொலியை அளக்கச் சொல் வைத்திருந்தவருக்கு, பொலியின் தூசு தம் மூச்சறையில் என்ன செய்கின்றது என்பதை அவர் மொழியிலேயே சொல்வது கற்றவரின் கடன். ஆலையின் உரிமையாளரிடம் ஒரு சாளரத்தையும் தூசு உறிஞ்சியையும் முகக்கவசத்தையும் அவர் கேட்கும்போது, அக்கோரிக்கை இரக்கத்தை வேண்டும் விண்ணப்பமாக இருக்கலாகாது. தன் உடலைத் தான் அறிந்தவரின் உரிமைக் குரலாக அது ஒலிக்க வேண்டும். போர்க்கூடங்களிற் பிறந்து செல்வர் மனைகளில் வளர்ந்த ஓர் அறிவு, அன்றே களவெட்டிக்கு வந்துசேர்ந்ததாகும்.